சிப்பைக் காப்பாற்றுவதா, போர்டைக் காப்பாற்றுவதா?

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மாற்றுவது அவருக்குப் பழகிவிட்டது. பழைய செட்டாப் பாக்ஸ் போர்டு ஒன்றிலிருந்து எட்டுக் கால் மெமரி ஐசியைக் கழற்றப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு காலாகச் சூடாக்கிக் குண்டூசியால் நெம்பியதில், ஐசியோடு சேர்ந்து இரண்டு பேடும், அதாவது கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டும், உரிந்து வந்துவிட்டன. வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே இந்த வேலையைக் கற்க முடியுமா, கையில் 6000 ரூபாய் இருக்கிறது, என்ன வாங்கலாம் என்பது அவர் கேள்வி.

முடியும். நான் இந்த வேலையைக் கற்றது ஒரு டிவி சர்வீஸ் கடையின் பின்கட்டில். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "காலு தானா விடணும்டா, நீ புடுங்கக் கூடாது." உங்கள் பேடு ஏன் உரிந்தது என்பதற்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. போர்டில் இருக்கும் செம்புத் தகடு பெரும்பாலும் 35 மைக்ரான் கனம்தான். அதைக் கண்ணாடி இழைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது எபாக்சிப் பசை. குளிர்ந்திருக்கும்போது அந்தப் பிடி நல்ல பிடி. சால்டர் உருகும் சூட்டில் பசை இளகிவிடும். ஏழு கால் விட்டு, எட்டாவது கால் இன்னும் உறைந்திருக்கும் நேரத்தில் நீங்கள் நெம்பினால், அந்தக் கால் சால்டரை விட்டு வராது, பேடைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். ஆகவே இது கைநடுக்கத்தால் வந்த கோளாறு இல்லை. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் உருகியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாமான் பட்டியலுக்கு முன்னால் ஒன்று. அயர்னை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது: இந்த வேலையில் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள், சிப்பையா, போர்டையா? புதிதாகக் கற்பவர்கள் இரண்டையும் காப்பாற்றப் பார்த்து இரண்டையும் இழக்கிறார்கள். எரிந்துபோன ஐசியை மாற்றப் போகிறீர்கள் என்றால், அது ஏற்கெனவே செத்துப்போனது. அதற்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. துளையில் கால் இறங்கியிருக்கும் பழைய வகை ஐசியாக இருந்தால் சின்ன கட்டரால் கால்களை உடலோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். உடல் தனியாக வந்துவிடும். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி ட்வீசரால் எடுத்தால் பேடுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வழியை மட்டமான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல ரிப்பேர்க்காரர் எவரும் விலை உயர்ந்த போர்டில் இதைச் செய்யத் தயங்க மாட்டார். மாறாக, போர்டு குப்பை, சிப்பில் இருக்கும் தகவல்தான் வேண்டும் என்றால், சிப் அளவோடு சூடாகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், போர்டைப் பற்றிய கவலை வேண்டாம். இரண்டும் உயிரோடு வேண்டும் என்ற நிலைக்குத்தான் முழுத் திறமையும் தேவை. அதை மூன்றாவதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சால்டர். பேச்சில் நாம் அதையே ஈயம் என்கிறோம். ஆனால் உங்கள் செட்டாப் பாக்ஸ் போர்டில் இருந்ததில் அநேகமாக ஈயமே இருந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை கொண்டுவந்த பிறகு, உலகச் சந்தைக்குப் போகும் போர்டுகள் பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த சால்டருக்கு மாறிவிட்டன. வெள்ளி 3 சதவீதம், செம்பு அரை சதவீதம், மீதி வெள்ளீயம் என்பது பரவலான கலவை. அது உருக 217 முதல் 220 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீங்கள் பழகிய 63/37 சால்டர், அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது, 183 டிகிரியிலேயே சட்டென்று உருகிவிடும். இந்த 35 டிகிரி வித்தியாசம் கையில் நன்றாகத் தெரியும். அதனால்தான் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலிலும் புது 63/37 சால்டரைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறோம். பழையதோடு புதியது கலந்ததும் உருகும் வெப்பம் இறங்கும். அப்புறம், சால்டர் அதிகமாக இருந்தால் அதுவே சூட்டைத் தேக்கி வைக்கும். சால்டரை எடுக்கப் போகிற இடத்தில் சால்டரைச் சேர்ப்பதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஒரு தடவை செய்து பாருங்கள், புரிந்துவிடும்.

வாங்கும்போது சுருளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 40/60 என்று இருந்தால் அதில் ஈயம்தான் அதிகம். அது முழுக்க உருக 238 டிகிரி வரை போக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி, அயர்ன் சரியில்லை என்று அயர்னைத் திட்டுபவர்கள் நிறைய. பிஸ்மத் கலந்து 138 டிகிரியிலேயே உருகும் சால்டரும் உண்டு. கழற்றுவதற்கு அது மிகவும் வசதி. ஆனால் வேலை முடிந்ததும் அதை ஒரு துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். பிஸ்மத்தும் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை 100 டிகிரிக்கும் கீழேயே உருகக்கூடியது. சூடாக ஓடும் ஒரு பாகத்தின் அடியில் அது மிஞ்சியிருந்தால் பின்னால் இணைப்பு விட்டுப்போகும்.

இந்த வேலையில் காசு போடத் தகுந்த சாமான் எது என்று ஒன்றை மட்டும் கேட்டால் ஃபிளக்ஸ் என்பேன். சூடான உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை அது கரைத்து எடுக்கிறது. அது இருந்தால் சால்டர் தண்ணீர் மாதிரி ஓடி, செம்பு இருக்கும் இடத்தில் மட்டும் போய் உட்காரும். இல்லையென்றால் களிமண் மாதிரி இழுபடும். டப்பாவில் வரும் மலிவான பேஸ்ட் வயர் இணைக்கப் போதும், சிப் வேலைக்கு ஆகாது. பிளம்பிங் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் போர்டுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. செம்பை அரித்துவிடும். சிரிஞ்சில் வரும், ரிவொர்க்குக்கு, அதாவது பாகங்களைக் கழற்றி மாற்றும் வேலைக்கு என்றே செய்த ஃபிளக்ஸைக் கேளுங்கள். பெரிய பிராண்டுகளின் பெயரில் போலி நிறைய வருகிறது. அதனால் முதலில் சின்ன சிரிஞ்ச் வாங்கி, குப்பைப் போர்டில் ஒரு சொட்டு வைத்துச் சூடுபடுத்திப் பாருங்கள். தெளிவாக உருகிப் பரவ வேண்டும். உடனே கருகிக் கறுத்தால் அந்தக் கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

6000 ரூபாயை எப்படிச் செலவு செய்வது? சூடான காற்றை ஊதிச் சால்டரை உருக்கும் ஹாட் ஏர் கருவியை முதலில் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதி உள்ள அயர்ன் ஸ்டேஷன் வாங்குங்கள். உங்கள் 25 வாட் அயர்னுக்குச் சூட்டை நிறுத்தத் தெரியாது. சும்மா ஸ்டாண்டில் இருக்கும்போது ஏறிக்கொண்டே போகும், பெரிய கிரவுண்ட் பேடைத் தொட்டதும் இறங்கிவிடும். கூடவே உளி மாதிரி தட்டையான முனை ஒன்றும், சாய்வாக வெட்டிய முனை ஒன்றும் வேண்டும். ஊசி முனையை ஒதுக்கி வையுங்கள். சின்ன சிப்புக்குச் சின்ன முனை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான கல்லில் மாவு ஊற்றினாலும் சூடு இறங்காது, மெல்லிய கல்லில் முதல் தோசையிலேயே இறங்கிவிடும். கனமான முனையை 330 அல்லது 350 டிகிரியில் வைத்து மூன்று விநாடியில் முடிக்கும் வேலையை, ஊசி முனையில் 420 வைத்து அரை நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். பேடு அங்கேதான் சாகிறது.

மீதிப் பணத்தில் 0.6 மில்லிமீட்டர் 63/37 சால்டர், ஃபிளக்ஸ், இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில், உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக், உறிஞ்சும் பம்ப், வளைந்த முனை ட்வீசர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு நல்ல பூதக்கண்ணாடி. இவ்வளவும் சென்னை ரிட்சி தெருவில் ஒரே சுற்றில் கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். மெயின் தெருவோடு நிற்காமல் நரசிங்கபுரம் தெருப் பக்கமும் நுழைந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

பழகுவதற்குப் போர்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் காயலான் கடையில் பழைய மோடம், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் போர்டுகள் எடைக்குக் கிடைக்கும். பத்துப் போர்டு எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் பாழாக்கலாம் என்ற மனநிலையோடு உட்காருங்கள், கை தானாக இளகும். ஆனால் மின் இணைப்புக்கு நேராகச் செல்லும் பவர் சப்ளை பகுதியில் மட்டும் எச்சரிக்கை. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். 15 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொண்டு, அதை கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் சில விநாடி வைத்து இறக்கிவிட்டு, மல்ட்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணி இறக்குவதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இப்போது நீங்கள் தோற்ற அதே எட்டுக் கால் ஐசியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு நான்கு கால், காலுக்குக் கால் 1.27 மில்லிமீட்டர். அயர்ன் மட்டும் போதும். இரு பக்கமும் ஃபிளக்ஸ் வையுங்கள். ஒரு பக்கத்தின் நான்கு கால்களையும் மூடும்படி சால்டரை ஒரே கட்டியாக ஓட விடுங்கள். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும். மறுபக்கமும் அப்படியே. அதன் பிறகு தட்டை முனையை ஒரு கட்டியின் நெடுக வைத்து, முழுதும் பளபளவென்று உருகியதும் அடுத்த பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் சூடு கொடுங்கள். சால்டர் அதிகமாக இருப்பதால் ஒரு பக்கம் உறைவதற்குள் மறுபக்கம் உருகியிருக்கும். அப்போது ட்வீசரின் நுனியால் ஐசியை லேசாகத் தள்ளிப் பாருங்கள். தூக்க வேண்டாம், பக்கவாட்டில் ஒரு தொடுதல் மட்டும். உருகிய சால்டரில் மிதக்கிறது என்றால் வழுக்கிக்கொண்டு நகரும். நகரவில்லை என்றால் இன்னும் சூடு வேண்டும் என்று அர்த்தம், பலம் வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

ஐசி வந்த பிறகுதான் பலபேர் பேடைக் கொல்கிறார்கள். மிச்சமிருக்கும் சால்டரை விக்கால் எடுக்கும்போது, விக்கைப் பேடின் மேல் வைத்துத் துணி துவைப்பது போலத் தேய்ப்பார்கள். விக்கிலும் ஃபிளக்ஸ் தடவுங்கள். அதைப் பேடின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் அயர்னை எடை போடாமல் வையுங்கள். சால்டர் தானாக ஏறி விக் வெள்ளி நிறமாக மாறும். மாறியதும் விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்குங்கள். அயர்னை முதலில் எடுத்துவிட்டால் விக் பேடோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுத்தால் கதை முடிந்தது. அப்படி ஒட்டிக்கொண்டாலும் பதறாமல் மறுபடி சூடாக்கினால் போதும்.

இதை இருபது முறை சுத்தமாகச் செய்த பிறகு ஹாட் ஏர் ஸ்டேஷன் வாங்குங்கள். நாலு பக்கமும் கால் உள்ள ஐசிக்கும், காலே வெளியில் தெரியாமல் அடியில் பேடு உள்ள ஐசிக்கும் அது வேண்டும். 858டி என்ற பெயரில் பல கம்பெனிகள் விற்கும் நீல நிறப் பெட்டி வீட்டு வேலைக்குப் போதுமானது. ஒன்றை மட்டும் பாருங்கள். மலிவான சிலவற்றில் ஸ்விட்சை நியூட்ரல் பக்கம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், எர்த் வயரும் கைப்பிடி வரை போகாமல் இருப்பதுண்டு. மல்ட்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் முனையின் உலோகக் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடு என்றால் பிளக் பாயிண்டிலேயே எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹாட் ஏரில் திரையில் காட்டும் 350 டிகிரி குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கானது. போர்டுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைத் தூரமும் காற்றின் வேகமும்தான் முடிவு செய்யும். சென்னையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு: ஃபேன். மே மாதத்தில் யாரும் ஃபேனை நிறுத்த விரும்ப மாட்டார்கள். ஆனால் தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் போர்டு ஒரு பக்கம் ஆறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட நீங்கள் சூட்டை ஏற்றுவீர்கள், சிப் வெந்துபோகும். வேலை செய்யும் அந்தப் பத்து நிமிடம் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்காக நான் விடிகாலையில் உட்காருவேன். முதலில் குழாயைத் தள்ளிப் பிடித்து, சிப்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தில் ஒரு நிமிடம் போர்டைச் சூடேற்றுங்கள். பிறகு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கி, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் கனெக்டர், உருளைக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால் மூடிவிடுங்கள். சூடான கெப்பாசிட்டர் வெடித்தால் முகத்துக்கு நேராகத்தான் வரும். கரெண்ட் போனால் கவனம்: ஊதும் காற்று நின்று, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் கைப்பிடியையே உருக்கக்கூடும். அதனால் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்காதீர்கள். தாங்கியில் வைத்து, அது தானாக ஆறி நிற்கும் வரை விடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐசியின் கறுப்புப் பிளாஸ்டிக் உடல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திடீரென்று 240 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்த ஈரம் நீராவியாகி உடலை உள்ளிருந்தே பிளக்கும். சோளப்பொரி மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும், பலசமயம் அதுவும் கேட்காது. தொழிற்சாலைகளில் ஈரத்தால் கெடும் தன்மையில் மூன்றாம் நிலை என்று குறிக்கப்பட்ட ஐசிகளை, பை பிரித்த பிறகு 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரமும் தாண்டாத அறையில் 168 மணி நேரம்தான் வைத்திருக்கலாம் என்பது விதி. நம் வீட்டு மேசையில் அந்த 60 சதவீதம் எத்தனை நாள் இருக்கும்? புது ஐசிகளை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக மூடி வையுங்கள். மழைக்காலத்தில் வந்த போர்டையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த மாதிரியான போர்டையும் நன்றாகக் கழுவி, 80 டிகிரி அளவில் ஒரு இரவு உலர்த்திய பிறகுதான் ஹாட் ஏர் காட்ட வேண்டும். இதற்குச் சமையலுக்கான ஓவனைப் பயன்படுத்தாதீர்கள், ஈயமும் ஃபிளக்ஸும் சோற்றோடு சேரக்கூடாது.

புதிய ஐசியை வைப்பது கழற்றுவதைவிடச் சுலபம். முதல் காலைக் குறிக்கும் புள்ளியைப் பார்த்து வைத்து, எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை மட்டும் பிடிக்க வைத்து, பூதக்கண்ணாடியில் நான்கு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஃபிளக்ஸ் போட்டு, முனையில் கொஞ்சம் சால்டரோடு வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் ஃபிளக்ஸும் துடைத்த முனையுமே பெரும்பாலும் பிரித்துவிடும். அடியில் முழுக்க உருண்டைகள் உள்ள பிஜிஏ சிப்புகளை இன்னும் ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள். அதற்கு அடியிலிருந்து போர்டைச் சூடாக்கும் பிரீஹீட்டர் வேண்டும், வேலை சரியா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

புகையைப் பற்றி நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். மேலே எழும் வெள்ளைப் புகை ஈயம் இல்லை. இந்தச் சூட்டில் ஈயம் அப்படி ஆவியாகாது. அது ஃபிளக்ஸில் உள்ள ரோசினின் புகை. ஆனாலும் அது கெடுதல்தான், தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனால் புகையைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துவிடுங்கள். ஈயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த மேசையில் டீ குடிக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஆல்கஹாலில் கழுவிய போர்டு முழுக்கக் காயும் முன் அயர்னோ ஹாட் ஏரோ அருகில் வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

உங்கள் பழைய போர்டை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்து வையுங்கள். உரிந்த இரண்டு பேடில் ஒன்று எதற்குமே இணைப்பில்லாத காலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஐசியின் டேட்டாஷீட்டில் பாருங்கள். இணைப்பு உள்ளது என்றால், அந்தப் பேடிலிருந்து போகும் செம்புக் கோட்டைக் கண்டுபிடித்து, அதன் மேல் இருக்கும் பச்சைப் பூச்சைப் பிளேடு நுனியால் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு மெதுவாகச் சுரண்டி, ஃபிளக்ஸ் வைத்துச் சால்டர் பூசுங்கள். 0.1 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியின் ஒரு முனையை அங்கே பற்ற வைத்து, மறுமுனையை ஐசியின் காலோடு சேருங்கள். கம்பி அசையாமல் இருக்க, புற ஊதா விளக்கில் இறுகும் பச்சைப் பூச்சை ஒரு துளி வைத்து இறுக விடுங்கள். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஷார்ட்டாக இருக்கிறதா, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டில் மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை மறுபடி எடுங்கள்.